மாறிப்போன சுவிட்ச்

தோட்டக்காரர் வேலிச்செடி வெட்டும் மெஷினின் பற்களைக் கூடத்தில் உட்கார்ந்து அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கவில்லை, மெஷினின் விசையையும் வழக்கம்போல் கயிற்றால் அழுத்திக் கட்டியிருந்தார். ஃபேன் போட வந்த மனைவி சுவிட்சை மாற்றித் தட்டிவிட்டாள். அவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

"உன் தப்பில்ல, விடு" என்றே மூன்று மாதமாகச் சொல்லிவந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது தோட்ட வேலைக்குப் போவது அவள்தான். இன்று அவளே தீட்ட உட்கார்ந்தாள்.

"நிஜமாவே என் மேல கோவமில்லையாங்க?"



"இருக்கு. உன்னப் பாக்கும்போதெல்லாம் இருக்கு" என்றார். பிறகு, "அரத்த முன்னாடி மட்டும் தள்ளு. பின்னாடி இழுத்தா மழுங்கிரும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பல்லைத் தீட்டினாள்.