வழியெல்லாம் எங்கே போச்சு?

கம்பெனிக் கணினிகளுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் கருவியை அவர் ஒருநாளும் ஃபயர்வால் என்று சொன்னதில்லை. 'என் கோட்டை' என்பார். அதனால் அலுவலகம் அவருக்குக் கோட்டையார் என்று பெயர் வைத்துவிட்டது. பிஸ்கட் கம்பெனியின் கணினிப் பிரிவில் அவர் பொறுப்புத் தலைவர். அந்தப் 'பொறுப்பு' பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று மதியம் நிர்வாக இயக்குநர் கோட்டையைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் 'பொறுப்பு' உதிர்ந்து தலைவர் மட்டும் மிஞ்சுவார்.

கோட்டைக்குள் ஒரு வழிப்பட்டியல் உண்டு. கிடங்குக்குப் போகிற தகவல் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், கிளை அலுவலகத்துக்கு எந்த வாசல் என்று வரிவரியாக இருக்கும். பெரும்பாலான வழிகளைக் கருவி தானாகவே கற்றுக்கொண்டது. ஒன்றே ஒன்று மட்டும் கோட்டையார் கைப்படச் சேர்த்தது. காலையில் அதைக் கண்குளிரப் பார்க்கும் ஆசையில், திரை மூலையிலிருந்த புனல் படத்தை அழுத்தி, 'கையால் சேர்த்தவை மட்டும்' என்று வடிகட்டினார். கும்பலையெல்லாம் விலக்கிவிட்டு அவருடைய வரி தனியாக நின்றது. பூரித்துப்போய் நல்ல சட்டை மாட்டிக்கொள்ளக் கிளம்பியவர், புனலைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

இயக்குநர் வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன, ஒரே ஒரு வழிதான் இருக்கு? மத்ததெல்லாம் எங்க?"

கோட்டையாருக்கும் அது புரியவில்லை. ஆனால் 'தெரியல' என்ற சொல்லை அவர் நாக்கு பழகியதே இல்லை.

"தாக்குதல் சார்," என்றார் கம்பீரமாக.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. போட்டிக் கம்பெனி இயக்குநருக்குப் போன வருடமே தாக்குதல் வந்து, அவர் அதைப் பற்றி மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தார். "நமக்கும் வந்துடுச்சா!"

பக்கத்து நாற்காலியில், அதே பிரிவில் வேலை பார்க்கும் கோட்டையாரின் மச்சினி. மனைவியின் தங்கை என்றாலும் ஆபீசில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கோட்டையாரின் கட்டளை. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கிடங்குல எல்லாம் ஜோரா ஓடுதாம் சார்."

"அதான் எதிரியோட தந்திரம்! ஓடுற மாதிரி காட்டுவான்."

"ஆர்டரையெல்லாம் கூட ஒழுங்கா அனுப்பிட்டிருக்கான் சார். பேசாம சம்பளம் குடுத்து வச்சுக்கலாம்."

கோட்டையார் முறைத்தார். மச்சினி எட்டித் திரையைப் பார்த்தாள். புனல் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"கிளியர் பண்ணுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"கிளியரா? இருக்கிற ஒரு வழியும் போயிடும்!"

"வழியை இல்ல, ஃபில்டரை!"

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. "கோட்டைக் கதவைச் சாத்தப்போறேன்!" என்று முழங்கியபடி பிரதான கேபிளைப் பிடித்துவிட்டார். அதை உருவினால் கம்பெனியே படுத்துவிடும்.

"கிளியர் பண்ணுங்க மாமா!"

"கிளியராத்தான் சொல்லுங்களேன்," என்றார் இயக்குநர் குழம்பி. "யாரு மாமா?"

மச்சினியே பாய்ந்து புனலை அழுத்தினாள். வரிகள் திபுதிபுவென்று இறங்கித் திரையை நிறைத்தன.

"விரட்டிட்டீங்களா!" இயக்குநர் கைதட்டினார்.

'ஆமாம்' என்று சொல்லக் கோட்டையாரின் வாய் திறந்தது. மச்சினியின் புருவம் உயர்ந்தது. செய்தி தனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்ல சார்," என்றார் அசடு வழிய. "காலைல நான்தான் வடிகட்டினேன். எடுக்க மறந்துட்டேன்."

பதவி போச்சு என்று நினைத்ததும் ஏனோ அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சினி ஏற்கெனவே மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் புனல்... என் மெயில்லயும் ஒண்ணு இருக்கு. அதுவும் நீலமாத்தான் எரியுது."

"அப்ப வடிகட்டியிருக்குன்னு அர்த்தம் சார்," என்றார் கோட்டையார். " யாரு மெயில் மட்டும் வருது?"

"வீட்டம்மா மெயில் மட்டும்." அவர் குரல் தாழ்ந்தது. "யாருமே எனக்கு மெயில் போடறதில்லன்னு போன மாசம் மேனேஜரை எல்லாம் நிக்க வச்சுத் திட்டினேனே..."

"நானும் நின்னேன் சார்."

இயக்குநர் பையிலிருந்து நியமனத் தாளை உருவி, கோட்டையாரின் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார். "மெயில் விஷயம் இந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது, தலைவரே. வாங்க மேல!"

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூவரும் படியேறி ஓடினார்கள். இயக்குநரின் அறையில், கணினியில், புனலின் மேல் ஒரு சொடுக்கு. புகார்கள், நினைவூட்டல்கள், நினைவூட்டலுக்கு நினைவூட்டல்கள் என்று கடிதங்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து விழுந்தன. நிற்கிற வழியாகவே தெரியவில்லை.

இயக்குநர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அய்யய்யோ! மறுபடி வடிகட்டிடுங்க!"

தலைவராகக் கோட்டையார் செய்த முதல் வேலை அதுதான்.