குறிப்பு எழுதக்கூடாத மொழி

அண்ணன் இறந்த இருபத்திரண்டாம் நாள் பிசியோதெரபி மையத்தின் மேனேஜர் போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை ஏழாம் நம்பர் கட்டிலை சிஸ்டம் யாருக்கும் ஒதுக்க மாட்டேன் என்கிறதாம். பதினேழு பேர் காத்திருக்கிறார்களாம்.

"ஒரு வரிதானே மேடம், தூக்கிடுங்க."

"பார்க்கிறேன்" என்றேன். அந்த நாட்களில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நான் சொன்ன பதில் அதுதான்.

அந்த ஒரு வரியை அவரே கண்டுபிடித்திருந்தார் என்பதில் எங்களுக்குப் பெருமை இருந்திருக்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் படித்தால் புரிகிற மாதிரி ஒரு கணினி மொழி, அதற்காகத்தான் அண்ணனும் நானும் ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம். எழுதியதை அச்சடித்து அந்த மையத்தின் வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுப்போம். அவள் வாய்விட்டுப் படிப்பாள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே மொழியை மாற்றுவோம். அவள் கொட்டாவி விட்டதற்காக ஒரு முறை இலக்கணத்தில் பாதியையே தூக்கி எறிந்தான் அண்ணன். மற்ற மொழிகளில் நிரலுக்கு நடுவே மனிதர்களுக்காகக் குறிப்பு எழுதிவைக்கலாம், கணினி அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் மொழியில் அதற்கு இடமே கிடையாது. "குறிப்பு போட்டாத்தான் புரியும்னா நம்ம மொழி தோத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பான். நானும் ஆமாம் சாமி போட்டேன்.

மையத்துக்காக அந்த மொழியில் நாங்கள் எழுதிக்கொடுத்திருந்த நிரலைத் திறந்தேன். இரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஏழாம் கட்டிலை எவருக்கும் தராதே. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் எழுதியது. குழந்தைகூடப் படிக்கலாம். ஏன் தரக்கூடாது என்று மட்டும் எங்கேயும் இல்லை. அவன் மெயில்களைத் தேடினேன், நோட்டுகளைப் புரட்டினேன். காரணம் தெரியாமல் எடுத்துவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாது. எடுக்காவிட்டால் பதினேழு பேர் வலியோடு காத்திருப்பார்கள். பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி நோட்டிலிருந்த அவனுடைய கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அண்ணியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"உங்க அண்ணன் எனக்கு எதுக்குமே காரணம் சொன்னதில்ல. உங்கிட்டயாவது சொல்லியிருப்பார்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

மறுநாள் மதியம் நேரில் போனேன். நீளமான கூடம், திரை போட்டுத் தடுத்த எட்டுக் கட்டில்கள், மருந்து எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. வாசல் பெஞ்சில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினேழில் ஒருத்தியாக இருக்கும். இரண்டு மணி ஆனதும் ஏழாம் கட்டிலின் திரைக்குள் ஒரு தெரபிஸ்ட் நுழைந்தாள். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். பதினைந்து நிமிடத்தில் அவள் எழுந்து போக இன்னொருத்தி வந்தாள். அப்புறம் மூன்றாவது ஆள். மொத்தம் நாலு பேர், ஆளுக்குக் கால் மணி.

நான்காவதாக வந்தவள் மூத்தவள். என்னைக் கண்டதும் பதறிவிட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. சிஸ்டத்துல ஏதோ கோளாறு, இந்த நேரத்துல இது மட்டும் காலியாவே கிடக்கும். காலையில எட்டு மணிலேர்ந்து நின்னுட்டே இருக்கோம்."

"எப்போலேர்ந்து இந்தக் கோளாறு?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அப்போ கம்ப்யூட்டர்காரர் ஒருத்தர் வந்து நாள் பூரா எங்களையே பார்த்துட்டு நின்னார். நீங்கல்லாம் எப்பம்மா உக்காருவீங்கன்னு கேட்டார். நல்லா கேட்டீங்க போங்கன்னு சிரிச்சோம். அடுத்த வாரத்துலேர்ந்துதான் இப்படி."

அது என் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் என்ன வேண்டாமென்றா சொல்லியிருப்பேன். இருபத்து மூன்று நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம்தான்.

அவள் படுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க? என் முறைய நீங்க எடுத்துக்கங்க. சும்மா படுங்க."

படுத்தேன். முந்தி படுத்தவளின் சூடு விரிப்பில் இன்னும் இருந்தது. பைக்குள் போன் அதிர்ந்தது, மேனேஜராகத்தான் இருக்கும். வரியை எடுப்பதா விடுவதா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கண்ணோரமாக வழிந்த ஈரம் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை.

திரைக்கு வெளியே தோள்பட்டைப் பெண்ணின் குரல் கேட்டது.

"அந்தக் கட்டில் காலியாத்தானே இருக்கு?"

"இல்லம்மா" என்றாள் மூத்தவள். "ஆள் இருக்காங்க."