வெள்ளைக்கரை மரம்

மூன்றாவது கிளையை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, மூடிய ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய் ஃப்யூஸ், இன்னும் எவ்வளவு நேரம்டா? அம்மா மறுபடியும் கேக்கறாங்க. திரையைத் திறந்துடவா?"

"ஐயோ, திறக்காத! கையை வச்சுடாதக்கா! அஞ்சே நிமிஷம்!"

அவன் கத்திய கத்தலில் ஏணி ஆடியது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எதிர்வீட்டு டீச்சர், "பாத்துடா, நீ முந்திக்காத" என்றாள்.

பெற்றவள் சாகக் கிடக்கிற மத்தியானத்தில் எந்தப் பிள்ளையாவது ஏணி போட்டு ஏறி, ஒரு மரத்தில் இன்னொரு மரத்தின் கிளையைக் கட்டிக்கொண்டிருப்பானா? இவன் கட்டிக்கொண்டிருந்தான். வாயில் இரண்டு துண்டுக் கம்பி, இடுப்பில் கட்டிங் பிளையர், தோளில் கறுப்பு டேப். சின்ன வயதில் பிளக் பாயின்ட்டில் ஆணியைச் சொருகித் தெரு முழுக்க இருட்டாக்கியவன். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ஃப்யூஸ். பிற்பாடு எலக்ட்ரீஷியனே ஆகி, எத்தனையோ வீட்டில் வெளிச்சம் போட்டுக் கொடுத்தும் அந்தப் பெயர் போகவில்லை. எது கெட்டிருந்தாலும் சரிபண்ணிவிடலாம் என்று நம்புகிற ஆள். அந்த நம்பிக்கைதான் இப்போது அவனை இந்த ஏணியில் ஏற்றி வைத்திருந்தது.

அம்மா தையல்காரி. அப்பா போன பிறகு மிஷினை இந்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பதினேழு வருஷம் இங்கேயே உட்கார்ந்து தைத்தாள். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். நிழலுக்கு ஒரு மரம் வேண்டும், ஆனால் ஊசியில் நூல் கோக்க வெளிச்சமும் வேண்டும். நர்சரிக்காரனைப் பாடாய்ப் படுத்தி இந்த மரத்தைப் பிடித்து வந்தாள். ஒவ்வொரு இலையும் நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை. கரை வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று அவளே அதற்கு வெள்ளைக்கரை என்று பெயர் வைத்தாள். அதன் நிழல் இருட்டாக இருக்காது. வெயிலைச் சலித்து விடும். துணி வாங்க வருகிறவர்கள் துணியை மறந்துவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது.

ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு உடம்பு படுத்தியது. அப்புறம் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. நர்ஸ் வெளியே போ என்பாள், டாக்டர் பார்க்கலாம் என்பார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒரு பாதி தளதளவென்று முழுப்பச்சை. மறுபாதி வெளிறிப்போய்ச் சோகை பிடித்தது போல, ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது. அத்தனை வருஷம் பார்த்த மரம்தான். ஆனால் அந்த நாட்களில் அவன் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் நோயாகவே தெரிந்தது. அம்மாவுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, இதையாவது காப்பாற்றுவோம் என்று ரம்பத்தை எடுத்து, வெள்ளை ஓடிய கிளைகளை ஒன்று விடாமல் அறுத்துத் தள்ளினான். உரமும் போட்டான். மரம் மதமதவென்று வளர்ந்தது. அடேயப்பா, அம்மா பார்த்தால் அசந்துபோவாள் என்று போட்டோகூட எடுத்து வைத்தான்.

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, கட்டிலில் படுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பச்சைக் கிளை எதுவும் வந்துச்சாடா? வந்தா அடியோட வெட்டிடு. பச்சைக்குத்தான் தெம்பு ஜாஸ்தி, விட்டா வெள்ளையை அமுக்கிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வெள்ளை திரும்ப வராது."

போன் பாக்கெட்டில் இருந்தது, போட்டோ போனில் இருந்தது. "வெட்டிட்டேன்மா, எல்லாத்தையும் வெட்டிட்டேன்" என்றான். அதிலாவது பொய் இல்லை. அன்றே ஜன்னலைச் சாத்தி, கனமான திரை ஒன்று வாங்கி மாட்டினான். வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதாம், டாக்டர் சொன்னார் என்றான். அம்மா இரண்டாவது நாளும் மரத்தைப் பற்றிக் கேட்டாள். மூன்றாவது நாளிலிருந்து கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

பதினோரு நாள் அந்தத் திரையைக் காவல் காத்தான். வேலைக்குப் போன இடத்தில் சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது அம்மாவைப் பார்க்க வந்து, காற்று வரட்டுமே என்று ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாதி வேலையில் வீட்டுக்கு ஓடி வந்தான். இன்று காலை அக்கா வந்து இறங்கினாள். போகிற வீட்டிலெல்லாம் முதலில் ஜன்னலைத் திறக்கிற ஜென்மம். அவளை அவன் அடுப்படிக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

"வெள்ளைப் பெயின்ட் வாங்கி அடிச்சுடேன், போ."

அதையும் அவன் முந்தாநாளே யோசித்திருந்தான்.

பத்து மணிக்கு நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பக்கத்துலயே இருங்க" என்றாள். அவள் போனதும் அம்மா கண்ணைத் திறந்து, "என்னை ஜன்னல் பக்கம் திருப்பி விடுங்க" என்றாள்.

எதிர்வீட்டுக்கு எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. அங்கே நிற்பது இதே மரத்தில் அம்மா பதியன் போட்டுக் கொடுத்தது. டீச்சர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வெள்ளையை வெட்டிட்டு பச்சையை வச்சிருக்கியா? அறிவு இருக்காடா உனக்கு? அவ அந்த வெள்ளைக்காகத்தானேடா உசுரை விட்டா!"

"திட்டுங்க டீச்சர். திட்டிக்கிட்டே நாலு கிளை குடுங்க."

"ரெண்டுதான். மூணாவது கேக்கக் கூடாது" என்றவள், அவன் இரண்டாவதை வெட்டி முடிப்பதற்குள் தானே மூன்றையும் நான்கையும் காட்டினாள். பிறகு ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கூடவே வந்துவிட்டாள்.

நான்காவதையும் கட்டி முடித்து, கம்பி தெரியாமல் இலைகளை இழுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தான். ஜன்னலுக்கு நேரே வெள்ளைக்கரை. மோசமில்லை. சாகிறவள் கண்ணுக்கு இது போதும் என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அக்கா அம்மாவைத் தன் தோளில் சாய்த்து உட்கார்த்தியிருந்தாள். அம்மாவின் மூச்சு ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. அவன் திரையை ஒதுக்கினான். ஜன்னல் கதவைத் தள்ளினான்.

அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது பார்த்து ஒரு காற்று வந்தது, பாழாய்ப்போன காற்று. மரம் மொத்தமும் ஒரு பக்கம் சாய, அந்த நான்கு கிளைகள் மட்டும் விறைத்துக்கொண்டு வேறு பக்கம் ஆடின.

"ஒட்டு யாரு போட்டது?" என்றாள் அம்மா.

காலமெல்லாம் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டவளிடம் போய் ஒட்டை மறைக்க நினைத்தான் பாருங்கள்.

"நான்தாம்மா. நோயின்னு நெனச்சு வெள்ளையை எல்லாம்..."

"டீச்சர் வீட்டுக் கிளையா?"

"ஆமாம்மா."

"திட்டினாளா?"

"செமையா திட்டினாங்க."

"நல்லா வேணும்." உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்புத்தான் அது. பிறகு மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள். "ஏன்டா மூடி வச்ச? மரம் பட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சேன். அதைத்தான் மறைக்கறேன்னு... கேக்கவே பயமாப் போச்சு. பதினோரு நாளும் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

திரைக்கு இந்தப் பக்கம் இவள் பயந்து கிடந்திருக்கிறாள், அந்தப் பக்கம் அவன் பயந்து நின்றிருக்கிறான். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும்.

"மன்னிச்சுடும்மா."

"பச்சையா இருந்தா என்ன. உசுரோட இருக்கே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கம்பியை ரொம்ப முறுக்கிட்ட. பட்டையை அறுத்துடும். தளர்த்திக் கட்டு" என்றாள்.

அவன் எழுந்தான்.

"இப்ப போகாத. அப்புறமாப் போ."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். அவள் கை அவன் முழங்கால்மேல் இருந்தது. ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய ஆள்காட்டி விரல் ஒருதரம் அசைந்தது. அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்கள் இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த நேரத்தில் அவள் பார்ப்பது நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அக்காதான் முதலில் "அம்மா" என்றாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நாற்காலிகளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுநாள் சாயங்காலம் அக்கா திரையைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஏணி வந்து சாய்ந்தது. கட்டிய கிளைகள் துவண்டு தொங்கின. வெள்ளைக் கரையெல்லாம் பழுப்பேறிவிட்டது.

"வாடிப்போச்சேடா. கழட்டிப் போட்டுடேன்" என்றாள் அக்கா.

"ம்" என்றான். கழற்றவில்லை. பிளையரால் கம்பியின் முறுக்கை ஒரு சுற்றுப் பின்னால் விட்டான். கம்பி இறங்கியிருந்த இடத்தில், பச்சைக் கிளையின் பட்டையில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு இறங்கி, அடுத்த கட்டுக்கு ஏணியை நகர்த்தினான்.