எது நம்ம சேட்டிலைட்?

எங்கள் ரேடியோ ஸ்டேஷனில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். எதிரில் சார். முதலாளி மகளைக் கட்டிய கையோடு ஷிப்ட் சீஃப் ஆனவன். நான் லாரி டிரைவர் மகள். ஒரு அரியர் இல்லாமல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அவனுக்குக் கீழே ட்ரெய்னியாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு அவன் தலையாட்ட வேண்டும். என் தலையெழுத்து.

எங்கள் வேலை இதுதான்: ஸ்டூடியோவிலிருந்து வரும் பாட்டையும் பேச்சையும் வாசலில் நிற்கும் பெரிய டிஷ் வழியாக மேலே சேட்டிலைட்டுக்கு அனுப்புவோம். அது நாடு முழுக்க ஓடும் வண்டிகளின் ரேடியோவில் கொட்டும். டிஷ்ஷின் குறி கொஞ்சம் தப்பினாலும் அத்தனை வண்டியும் ஊமை.

அந்த வாரம் மேலே இரண்டு இருந்தன. ஒலிபரப்பு முழுக்கப் புதியதற்கு மாறிவிட்டது. பழையதற்கு ஓய்வு, அதை ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார்கள். எது எங்கே போகிறது என்று கண்காணித்து அதன் பாதைக் கணக்கை எங்களுக்கு அனுப்புகிறவர்கள், இரண்டும் பக்கத்தில் இருந்த நேரத்தில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெறும் புள்ளி. இரட்டைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தொட்டில் மாற்றிப் போட்ட கதை.

மாப்பிள்ளை காலையில் அந்தப் பாதையை ஏற்றி டிஷ்ஷை அதன்படி ஓடவிட்டான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சேட்டிலைட்டும் பீக்கன் என்று ஒரு சன்னமான சிக்னலை ஓயாமல் விட்டுக்கொண்டிருக்கும். ஒன்றின் அலைவரிசை இன்னொன்றுக்குக் கிடையாது. திரையில் புதியதன் பீக்கன் மெல்ல இறங்கியது. பழையதன் பீக்கன் குத்துக்கல் மாதிரி நின்றது.

“சார், பேர் மாறியிருக்கு. நாம பழசு பின்னாடி போயிட்டிருக்கோம். டிஷ்ஷைப் பீக்கன்ல பிடிச்சு ஓட விடுங்க.”

“உலகமே வாங்குற டேட்டா அது. உன் கண்ணு அதைவிடப் பெருசா?”

“என் கண்ணு இல்ல சார். சேட்டிலைட்டே சொல்லுது.”

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ரிசீவரை ஒழுங்கா வைக்கத் தெரியல, இதுல பேச்சு வேற. ஏசி ஒழுகுது பார், போய் பக்கெட் வை.”

வைத்தேன். நாலு வருஷம் படித்த படிப்பு பக்கெட்டில் சொட்டு சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

மதியம் பாட்டு இழுத்து இழுத்து வந்து, நின்றே போனது. அப்பாதான் முதலில் போன் செய்தார்.

“ஏம்மா, உன் ரேடியோ செத்துப்போச்சு. லாரியில பக்கத்துல கிளீனர் பாட ஆரம்பிச்சுட்டான். சீக்கிரம் ஏதாவது பண்ணு.”

“பண்ண விடலப்பா.”

“பெரிய இடம். வாயை அடக்கிக்கோ. வேலை முக்கியம்.”

அடுத்த அழைப்பு முதலாளியுடையது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டான்.

“மாமா, அந்த ட்ரெய்னிப் பொண்ணு பேரை மாத்திப் போட்டுட்டா. நான் சரி பண்ணிட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டு மைக்கை விரலால் அமுக்கிக்கொண்டான். “வாயைத் திறக்காதே. அடுத்த வாரம் கன்ஃபர்ம் பண்ணிடறேன். டிஷ்ஷைத் திருப்பு.”

என் மேல் பழியைப் போட்டு, அதே வாயால் எனக்கே வேலை தருகிறான். அப்பா சொன்னது காதில்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“சரி, இப்போ திரையில நம்ம சேட்டிலைட் எது?” என்றார் முதலாளி.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

“மாப்பிள்ளை, உங்களைத்தான். எது?”

“அவளுக்குத்தான் தெரியும், மாமா.”

“ஏம்மா, தெரியுமா?”

“தெரியும் சார். காலையிலேயே சொன்னேன். நான் என்ன சொன்னேன்னு முதல்ல அவர் சொல்லட்டும். அப்புறம் திருப்பறேன்.”

“அங்க அத்தனை வண்டியும் ஊமையா நிக்குது, உனக்கு நியாயம் கேக்குதா?”

“ஆமா சார்.”

மாப்பிள்ளை போன் பக்கம் குனிந்தான்.

“பேர் மாறியிருக்குன்னு சொன்னா. நான்தான் கேக்கல.”

பாதையை அணைத்தேன். டிஷ்ஷை முன்பிருந்த திசைக்குக் கொண்டுவந்து புதியதன் பீக்கனில் பிடித்தேன். சிக்னல் ஏறியது. விட்ட இடத்துக்குப் பிந்தி எங்கோ ஒரு பல்லவி நடுவிலிருந்து பாட்டு வந்தது.

“நல்ல வேலை பண்ணே” என்றார் முதலாளி. “ஆனா என்கிட்டயே பேரம் பேசின பொண்ணு எனக்கு வேண்டாம். நாளைக்கு வராதே.”

மாப்பிள்ளையின் முகம் தெளிந்தது. நான் பையை எடுத்தேன்.

“இதை மறுபடி அந்தப் பாதைக்கு மாத்திடவா?” என்று கேட்டான், திரையைக் காட்டி.

“உங்க மாமாவைக் கேளுங்க.”

வாசலில் டிஷ் நிழலில் நின்றபோது அப்பா மறுபடி கூப்பிட்டார். பின்னால் லாரியின் ரேடியோ அலறியது.

“வந்துடுச்சும்மா. நீதானா?”

“நான்தான்.”

“வேலை?”

“போச்சு.”

பாட்டின் சத்தம் குறைந்தது. பிறகு ஒரேயடியாக அணைந்தது.

“எங்க நிக்கிற? இரு, இந்த லோடை இறக்கிட்டு வண்டியோட வரேன்” என்றார்.