மழை நாள் ஆட்டக்காரன்

அந்தக் காலத்தில் விடியற்காலை மழை பெய்தால் ஜொகூர் பாருவை அடுத்த தம்போய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். நனைந்த ரப்பர் மரத்தை வெட்டினால் பால் கோப்பைக்கு வராது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்று வேலை கிடையாது. ஆள் கணக்கு எழுதும் கிராணி செபஸ்தியனுக்கு மட்டும் வாயெல்லாம் பல். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மழை என்றால் கேட்கவே வேண்டாம். தோட்டத்துக் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கேப்டன். மழை பெய்தால்தான் அவருடைய பந்து வீச்சாளன் ஆட வர முடியும்.

அவன் பெயர் சின்னத்தம்பி. மரம் வெட்டுகிறவன், ஞாயிறும் வேலைதான். வெட்டிப் பாலெடுத்து ஊற்றிவிட்டு வருவதற்குள் பிற்பகல் ஆகிவிடும், ஆட்டமோ பத்து மணிக்கு. மழை நாளில்தான் வெறுங்காலோடு வந்து நிற்பான். ஈரத் தரையில் வெயில் பட்டு மேல்மண் காயத் தொடங்கியிருக்கும். அவன் போடுகிற பந்து மண்ணைக் கவ்வி, சுழன்று, திடீரென்று எழும்பும். எதிராளிகள் மட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடுவார்கள். இரண்டு வருடத்தில் ஏழே ஏழு ஆட்டம், ஏழிலும் தோட்டத்துக்கு வெற்றி. ஆகா, அதெல்லாம் என்ன நாட்கள்! தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனமெல்லாம் ஈரப் புல்லில் நின்று கூச்சல் போட்ட அந்தக் காலை நேரங்களை நினைத்தால், எத்தனையோ வருடம் கழித்தும் செபஸ்தியனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

1928 டிசம்பரில் ஜொகூர் பாரு அலுவலகம் ஒன்றின் அணியைச் சின்னத்தம்பி நாற்பது ஓட்டத்துக்குள் சுருட்டினான். அந்த அணியின் கேப்டன் டெஸ்மண்ட் தோற்ற வருத்தம்கூட இல்லாமல் செபஸ்தியனிடம் ஓடி வந்தார்.

"அலமாக்! இந்த ஆள எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? எங்க ஆபீஸ்ல ஒரு பியூன் வேல காலியா இருக்கு. ஆனா இவரு பந்து போடுறத பெரிய துரை ஒரு தடவ பாக்கணும். இன்னொரு ஆட்டம் வைப்போம், நாள நீங்களே சொல்லுங்க லா."

பியூன் வேலை என்றால் குடியிருக்க வீடும் உண்டு. லயத்து ஒற்றை அறையை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தாள் சின்னத்தம்பியின் மனைவி செல்லம். செபஸ்தியன் நாட்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றைக் குறித்தார். அடைமழை மாதத்தில் வைத்து ஆட்டமே நின்றுபோனால் என்ன செய்வது? பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். சின்னத்தம்பிக்குத் தோட்டத்துத் துரையிடம் லீவும் வாங்கிக் கொடுத்தார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனிதருக்கு ஒரே பூரிப்பு.

அன்று ஜொகூர் பாருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று வாரமாக ஒரு சொட்டு இல்லை, ஆடுகளம் சிமெண்டுத் தரையாக இறுகிக் கிடந்தது. சின்னத்தம்பி முதல் பந்தைப் போட்டான். திரும்பவில்லை. அடுத்ததும் திரும்பவில்லை. நல்ல பிள்ளையாக நேரே மட்டைக்குப் போய் அடி வாங்கியது. மூன்றாவது ஓவரில் பந்து வேலி தாண்டிச் சாலையில் விழுந்தது. அவன் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பெரிய துரை பாதியிலேயே எழுந்து போனார்.

அப்போதுதான் செபஸ்தியனுக்கு உறைத்தது. காய்ந்த தரையில் இவன் பந்து போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. அவனே பார்த்ததில்லை. அவன் வித்தையில் பாதி மழையுடையது. அந்த மழையைத் தள்ளி வைத்து நாள் குறித்த மடையன் வேறு யாருமில்லை, அவரேதான்.

"மன்னிச்சிருங்கய்யா, உங்க பேர கெடுத்துட்டேன்" என்றான் சின்னத்தம்பி, லாரியில் திரும்பி வரும் வழியில்.

தப்பு என்னுடையதடா என்று சொல்லத்தான் செபஸ்தியன் நினைத்தார். ஆனால் வெட்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்றவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பதில் சொன்னவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டுக்கு நடந்தார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது. சின்னத்தம்பி மட்டும் வெட்டுக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஐயா, என் பேர கூப்பிடலீங்களே."

செபஸ்தியன் பெயர்ப் பதிவேட்டைத் திரும்பப் பார்த்தார். பியூன் வேலை கிடைத்த மாதிரிதான் என்று சனிக்கிழமையே அவன் பெயரை அடித்துவிட்டிருந்தார். பேனாவை எடுத்து, எல்லோருக்கும் கீழே, கடைசிப் பெயராக அதை மறுபடி எழுதினார்.