தங்கை முன்னால் ஒரு குவியல்

எங்கள் சட்டைக் கம்பெனியின் தையல் வரிசையில் காலர் தைப்பவள் நான். அடுத்த மிஷினில் என் தங்கை அதைச் சட்டையில் பொருத்துவாள். என் கை படுவேகம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. அவள் முன்னால்தான் எப்போதும் காலர்கள் மலையாகக் கிடக்கும். வேலையை அளக்க ஆள் வருகிறார், அது முடிந்ததும், கை மெதுவென்று தங்கையை மிஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் மிஷினுக்குத் திரும்பியதில்லை. தங்கை மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அளக்க வந்த இன்ஜினியரம்மா கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. பார்த்ததும் வரிசையே ஆமையாகிவிட்டது. பின்னே? வேகமாகத் தைத்துக் காட்டினால் அதையே கணக்காக்கி நம் தலையில் கட்டிவிடுவார்களே! நான் மட்டும் பறந்தேன். எனக்கு மானம்தான் பெரிது.

அந்தம்மாவோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தைத்த ஒரு காலரில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, அது எப்போது சட்டையில் ஏறுகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு மண்டையைக் குடைந்தது.

"என்ன மேடம், ஆளை விட்டுட்டுத் துணியைப் பாக்கறீங்க?"

"வேலையை அளக்கற எங்க தொழிலும் முதல்ல ஆளைத்தான்க்கா பாத்துச்சு. வாட்சோட பின்னாடி நின்னு 'ஏன் லேட்டு'ன்னு கேட்டாங்க. அப்புறம் கை எங்க வீணா அலையுதுன்னு பாத்தாங்க. இடுப்பு ஏன் வலிக்குது, நாற்காலி சரியான்னு யோசிச்சாங்க. துணி எங்க தூங்குதுன்னு கேக்கத் தோணவே ரொம்ப காலமாச்சு."

"எங்க தூங்குதாம்?"

"நீங்க தைச்சு முடிச்ச இடத்துல."

சுருக்கென்றது. "அப்ப என் வேகம் தப்பா?"

"எனக்கும் தெரியலக்கா. பாத்துடலாமா?"

பழைய குவியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் சின்னத் தட்டு ஒன்றை வைத்தார். தட்டு நிறைந்தால் நான் தைக்கக்கூடாது. தங்கை எடுத்து இடம் காலியானால்தான் அடுத்தது.

கொஞ்ச நேரத்திலேயே தட்டு நிறைந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பித்தான் தைக்கிறவள் விடுவாளா? "என்ன மகாராணி, ஓய்வா?" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது. வேறு வேலையில்லாமல் தங்கையின் கையைப் பார்த்தேன். தட்டிலிருந்து எடுத்தாள், பொருத்தினாள், எடுத்தாள், பொருத்தினாள். எங்கேயும் நிற்கவில்லை.

"முன்னாடி ஏன்டி இப்படித் தைக்கல?"

"தைக்கிறது எப்பவும் இப்படித்தான்க்கா. உன் குவியல்ல எல்லா அளவும் கலந்து கிடக்கும். சட்டைக்கேத்த காலரைத் தேடறதுலயே பாதி நேரம் போயிடும். இப்ப தட்டுல நாலஞ்சுதான், தேடவே வேண்டாம்."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?"

"நீ நிமிந்தாத்தானே சொல்ல?"

அழுகை வந்தது எனக்கு. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்ன, சும்மா உக்காந்திருக்கே?"

எழுந்து நின்றேன். வரிசை முழுக்கக் கேட்கட்டும் என்றே கத்தினேன். "அவளை எழுப்பாதீங்க சார். குவியல் அவளால இல்ல, என்னால!"

இன்ஜினியரம்மா முடிந்த சட்டைகளைக் காட்டினார். நான் குறைவாகத் தைத்தும் சட்டைகள் முன்னைவிடக் கூடியிருந்தன. சூப்பர்வைசர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"சரி, அவ இங்கயே இருக்கட்டும். தட்டு நிறைஞ்சா நீ போய்ப் பிசிறு வெட்டு."

வரிசையே சிரித்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, காலர் தீந்துடுச்சு, வா!" என்று தங்கை கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் காலர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓடினேன்.