கால் படாத குழி

இரும்புத் தொப்பி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

முள்வேலிக்கு வெளியே பெட்டியை இறக்கி வைத்த திருப்பதிக்கு, பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் அந்த நொடியே பறந்துபோயிற்று. இருபத்து நாலு நாளைக்கு முன்னால் அவன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது குழியை மூடிய அந்தத் தொப்பி மூன்றரை அடிக்கு எழும்பி நின்றது. குழிக்குள் சாணக் கரைசல் புளித்து வாயு சேர்ந்தால் அது எழும்பும். வாயு இல்லாவிட்டால் இறங்கும். குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினான். விரல் சுட்டதுதான் மிச்சம்.

1961, பங்குனி மாதம். பொன்னமராவதிக்கு மேற்கே நாலு மைலில், உடையப்பனின் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது அந்தக் குழி. எரிபொருள் ஆராய்ச்சி மாணவன் திருப்பதியின் ஒரு வருஷ உழைப்பு முழுக்க அதற்குள்தான் கிடந்தது. விறகுக்காகக் காட்டை மொட்டையடிக்கும் ஊர்களில் சாண வாயுவை வைத்து அடுப்பெரிக்க முடியுமா என்பது அவன் எடுத்துக்கொண்ட கேள்வி. வியாழக்கிழமை பேராசிரியர் நேரில் பார்க்க வருகிறார். அடுப்பு எரிந்தால் இரண்டாம் வருஷத்துக்கு அனுமதி. எரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்கு.

அன்று ஞாயிறு.

உடையப்பன் மனைவி அழகி கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். முதல் பத்து நாளும் இந்த அடுப்பில்தான் காப்பி போட்டாளாம். அப்புறம் நெருப்பு சோகை பிடித்த மாதிரி வெளுத்து, ஒருநாள் அணைந்தே போயிற்றாம். "நாள் தவறாம ரெண்டு கூடை சாணி, ரெண்டு கொடம் தண்ணி. நீங்க சொன்னதுல இம்மி கொறைக்கல தம்பி" என்றாள்.

திருப்பதி மூங்கில் கழியை விட்டுக் கலக்கினான். மேலே வந்த நுரை மஞ்சளாக இருந்தது. கழியோடு ஒரு கொத்து வேப்பிலையும் சுற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு முறை கலக்கினான். இன்னும் நாலு கொத்து.

யாரோ வேண்டுமென்றே கொட்டியிருக்கிறார்கள். யார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமில்லை. விறகுக் கடை பிச்சை. டீக்கடையில் நாலு பேர் முன்னால், "சாணியில சோறு பொங்கிட்டா நான் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சிரித்த ஆள்.

வேப்பிலைக் கொத்தை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனான். தராசுப் பக்கத்தில் கோடாரிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார் பிச்சை. திருப்பதி காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தான்.

"இது என் குழியில கெடந்துச்சு அண்ணே. யாரு போட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தான்" என்றார் பிச்சை.

மறுப்பார், சண்டைக்கு வருவார் என்றுதான் திருப்பதி தயாராக வந்திருந்தான்.

"எம் மக செவந்திக்கு ஆத்தா வந்து எறங்குச்சு. தலைக்கு ஊத்துன தண்ணிய நாலு பேரு மிதிக்க விடலாமா? கால் படாத எடமாப் பாத்துத்தான் ஊத்தணும். ஆடு மாடு மேயாத எடம் இந்த ஊருல எங்கிட்டு இருக்கு, சொல்லுங்க? நீங்க முள்ளடைச்சு, போர்டும் வச்சிருந்தீங்க. மகராசன் நல்லா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டு ஊத்துனேன்."

அந்தப் போர்டைத் திருப்பதிதான் தன் கையால் எழுதினான். தை மாதத்தில் ஒரு ஆடு தொப்பிமேல் ஏறிக் குதித்துக் குழாயை உடைத்துவிட்டது. அன்றைக்கே சுற்றி முள்ளை வைத்து, 'இங்கே யாரும் கால் வைக்கக் கூடாது' என்று எழுதி நட்டான். சாணம் ஊற்ற மட்டும் ஓர் இடைவெளி விட்டிருந்தான்.

அந்தப் பங்குனியில் ஊருக்குள் பதினோரு வீட்டில் அம்மை. பதினோரு வீட்டு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போயிருந்தன. வாயுவை உண்டாக்கும் கிருமிகளுக்கு அந்தக் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை. அழகியிடம் கேட்டான். அவள் வீட்டுத் தண்ணீரும் உண்டாம். அதைப்போய்க் குப்பை கொட்டியது மாதிரி சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

குழியைக் காலி செய்து மறுபடி நிரப்பினால் வாயு வர மூன்று வாரம். கையில் இருப்பது நாலு நாள். உடையப்பன் ஒரு யோசனை சொன்னார்: அடுப்புக்கு அடியில் மண்ணெண்ணெய்த் திரியைச் செருகிவிட்டால் பார்க்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது? திருப்பதி அன்று சாயங்காலம் வரை அதை யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். பிறகு பெட்டியைத் திறந்தான்.

சோதனைக்கென்று அவன் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போன பழைய கரைசல் ஒரு தகர டப்பாவில் மிச்சம் இருந்தது. குழி கெடுவதற்கு முன்னால் எடுத்தது. அதை இரண்டு பெரிய சீசாக்களில் சரிபாதியாக ஊற்றி, இரண்டிலும் புதுச் சாணம் கரைத்தான். ஒன்றில் மட்டும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துச் சேர்த்தான். இரண்டு வாயிலும் கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பையான பிளாடரைக் கட்டி, வெயில் படும் சுவரோரம் வைத்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. பேராசிரியர் தொப்பியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியாக அவனைப் பார்த்தார். திருப்பதி ஒன்றையும் மறைக்கவில்லை. போர்டு வைத்ததிலிருந்து விறகுக் கடைக்குச் சண்டைக்குப் போனது வரை சொல்லிவிட்டு, சுவரோரம் கூட்டிப்போனான்.

மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்த சீசாவின் பிளாடர் துவண்டு தொங்கியது. மற்றது தேங்காய்ப் பருமனுக்கு உப்பியிருந்தது. அதன் கழுத்தில் குழலைச் செருகி அமுக்கினான். தீக்குச்சியைக் காட்டினான். விரல் நீளத்துக்கு நீலச் சுடர், இருபது எண்ணும் நேரம் எரிந்து அணைந்தது.

"சீசாவுல சோறு வேகாது" என்றார் பேராசிரியர்.

"வேகாது சார்."

"குழி எரியலைன்னு ரிப்போர்ட்ல எழுது. ஏன் எரியலைன்னும் எழுது. ரெண்டாம் வருஷ அனுமதி இப்ப கிடையாது. ஆடிக் கடைசியில திரும்ப வருவேன். அன்னைக்கு இந்த அடுப்புல எனக்குக் காப்பி வேணும்."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் உடையப்பன் மண்வெட்டியோடு வந்துவிட்டார். கெட்ட கரைசலை அள்ளி வெளியே கொட்ட வேண்டுமே. அழகிதான் வழியை மறித்தாள்.

"அது கெடக்கட்டும். இன்னும் மூணு வீட்டுல ஆத்தா இருக்கா. திங்கக்கெழமை தண்ணி ஊத்துறாங்க. அந்தத் தண்ணிக்கு எடம் எங்கிட்டு?"

திருப்பதி மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். குழிக்கு இருபதடி தள்ளி, வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினான். சுற்றி முள் வைத்தான். பழைய போர்டைப் பிடுங்கிவந்து அங்கே நட்டான். அதற்கப்புறந்தான் தன் குழிப் பக்கம் திரும்பினான்.